ஐஸ் பாய் காப்பாற்றிய ஊசி மருந்து

சேலையூரில் போய் ஷாகுல் ஹமீது வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ஐஸ் பாய் வீடு என்று கேளுங்கள், கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ரோடுவரை வந்து வழிகாட்டுவார். அது சும்மா வந்த பேர் இல்லை. சைக்கிள் கேரியரில் சாக்கு விரித்து, அதன்மேல் ஐஸ் பாளம் வைத்து, மரத்தூளைத் தூவி, இன்னொரு சாக்கால் போர்த்திக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்கும் கல்யாண வீடுகளுக்கும் மிதித்த மிதியில் வந்த பேர்.

இன்றைக்கு அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. கேம்ப் ரோட்டை ஒட்டிய சந்தில் சொந்தக் குடோன். உள்ளே வரிசையாக டீப் ஃப்ரீசர்கள், பின்னால் ஒரு ஜெனரேட்டர். மேடவாக்கம்வரை கடைகளுக்கு ஐஸ்கிரீம் போடுகிறார். மீன்காரர்களுக்கு இன்னும் ஐஸ் கட்டி தருகிறார். தங்கமான மனுஷர்தான், ஆனால் குளிரைப் பற்றி அவரிடம் பேச்செடுத்தால் தொலைந்தீர்கள். மீன் எத்தனை குளிரில் கெடும், மோர் எத்தனை குளிரில் புளிக்காது, பன்னீர் சோடா பாட்டில் ஏன் வெடித்தது என்று பிடித்துக்கொண்டு விடவே மாட்டார். நடுவில் யாராவது வாயைத் திறந்தால், "எனக்கே சொல்றியா?" என்று ஒரு வெட்டு வெட்டுவார்.

கரண்ட் போய் உருகிய ஐஸ்கிரீமை மறுபடி உறைய வைத்து விற்கிற கடைக்காரர்களை அவருக்குக் கண்டாலே ஆகாது. கப்பைத் திறந்து ஸ்பூனால் ஒரு சுரண்டு சுரண்டுவார். நாக்கில் வைப்பார், துப்புவார். "உருகி உறைஞ்சது இது. பாக்கறதுக்கு ஐஸ்கிரீம் மாதிரிதான் கீது, உள்ள அத்தனையும் மண்ணு. கொழந்தைங்க துன்றதுடா!" என்று கடை வாசலிலேயே நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிடுவார். அப்படி மானம் போனவர்களில் ஒருவர்கூட அவரை எதிர்த்துப் பேசியதில்லை. உண்மை அவர் பக்கம் இருந்தது.

அவருடைய உயிர்ச் சிநேகிதர் அரிகிருஷ்ணன். ராஜகீழ்ப்பாக்கத்துப் பழைய குடும்பம். ஏரிக்குக் கீழே நெல் விளைந்த அவர்கள் நிலத்தில் இப்போது மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன, வாடகை விளைகிறது. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒன்றாக பெஞ்சுமேல் ஏறி நின்றவர்கள். சாயங்காலமானால் குடோன் கேட்டில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஆளுக்கொரு டீயோடு உட்கார்ந்து ஊர் வம்பு பேசாவிட்டால் இருவருக்கும் ராத்திரிச் சோறு இறங்காது.

ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். சிநேகிதர்கள் எல்லாரும் அப்படிக் கூப்பிடுவதுதான். இவர்கள் விஷயத்தில் அது வெறும் வாய்வார்த்தை இல்லை. அரிகிருஷ்ணனின் மனைவி கங்கையம்மாளுக்கு ஒரே ஒரு அண்ணன் இருந்தார். ஒரு சித்திரை வெயிலில் திடீரென்று போய்விட்டார். வெளிநாட்டில் இருந்த பிள்ளை வந்து சேரும்வரை உடம்பைக் காக்க வேண்டும். குளிர்பெட்டி எங்கும் கிடைக்கவில்லை. ஷாகுல்தான் ஐஸ் பாளங்களைக் கொண்டுவந்து சுற்றிலும் அடுக்கினார். உருக உருக மாற்றினார். கூடத்தில் ஓடிய தண்ணீரைத் தன் கையாலேயே துடைத்தார். காரியம் முடிந்த அன்று கங்கையம்மாள், "கூடப் பொறந்தவரு போயிட்டாரு. இனிமே எனக்கு நீங்கதான் அண்ணா" என்று அழுதார். அன்றிலிருந்து அண்ணன்தான். அந்த வீட்டு மகள் கல்யாணத்தில் தாய்மாமன் சீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவர் தொப்பி போட்ட ஷாகுல். அவருக்குப் பக்கத்தில் பூத்தட்டோடு நடந்தவர் அவர் மனைவி பஷீரா. ஊரே பார்த்தது.

அந்தக் கங்கையம்மாளுக்குத்தான் போன வருஷம் அக்கி வந்தது. இடது விலாவைச் சுற்றிப் பட்டை போட்ட மாதிரி கொப்புளம். வீட்டு வழக்கப்படி காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டார். கொப்புளம் கிளம்பிய கையோடு மாத்திரை தொடங்கியிருக்க வேண்டும். அந்த நாட்களெல்லாம் காவி காய்வதைப் பார்த்துக்கொண்டே போய்விட்டன. புண் ஆறியது, வலி போகவில்லை. ரவிக்கைத் துணி பட்டாலே கங்கு பட்ட மாதிரி துடித்துப்போவார். ஆடிக் கிருத்திகைக்குக் குன்றத்தூர் மலை ஏறாமல் இருந்ததே இல்லை, இந்தத் தடவை அடிவாரத்தில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்தபடியே கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். மறுபடியும் அது வந்துவிடுமோ என்ற பயத்தில் உடம்பில் ஒரு கொசு கடித்துத் தடித்தாலும் கண்ணாடிமுன் போய் நிற்பார்.

அரிகிருஷ்ணன் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கிளினிக் வைத்திருக்கிறார் டாக்டர் தீபா. சின்ன வயசு, நிதானமான பெண். அக்கிக்குத் தடுப்பூசி இருக்கிறது என்று சொன்னவர் அவர்தான்.

"சின்ன வயசுல சின்னம்மை போட்டிருக்கும்ல அங்கிள், அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போகவே போகாது. நரம்புல தூங்கிட்டே இருக்கும். வயசாகி எதிர்ப்பு சக்தி குறையும்போது அக்கியா எழுந்து வரும். அம்பது வயசுக்கு மேல இந்த ஊசி போட்டுக்கலாம். ரெண்டு டோஸ். முதல் ஊசிக்கு அப்புறம் ரெண்டுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள அடுத்தது. சுகர் இருக்கிறவங்க அவசியம் யோசிக்கணும்."

அரிகிருஷ்ணனுக்கு சுகர் உண்டு. ஏற்கெனவே வந்துபோன கங்கையம்மாளுக்கும் போடலாமா என்று கேட்டார். புண் முழுசாக ஆறிவிட்டதால் போடலாம், ஆனால் இப்போது இருக்கிற வலியை இது போக்காது, மறுபடி வராமல் தடுப்பதற்குத்தான் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். கங்கையம்மாளுக்கு அது போதும். "வராம இருந்தா சரிம்மா, இருக்கறத நான் தாங்கிக்கறேன்" என்றார்.

மலிவான மருந்து இல்லை, சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும். அரிகிருஷ்ணன், ஷாகுல் என்று இரண்டு தம்பதிகளோடு, சேலையூரில் மீன் விற்கிற கிளியம்மாளும் சேர்ந்துகொண்டார். கேளம்பாக்கத்தில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் அம்மாவுக்குப் பேர் கொடுத்திருந்தான். ஓய்வுபெற்ற வாத்தியார் தயாளனும் சேர்ந்தார். எல்லாருக்கும் சேர்த்து மருந்து வந்து இறங்கியது.

வந்த அன்று பார்த்துத்தானா அந்த மழை கொட்ட வேண்டும்! மத்தியானமே டிரான்ஸ்ஃபார்மர் படாரென்று போனது, மறுநாள் காலைக்குத்தான் கரண்ட் என்று சொல்லிவிட்டார்கள். கிளினிக் இன்வெர்ட்டர் விளக்குக்கும் மின்விசிறிக்குமே திணறியது. டாக்டர் போன் போட்டார். ஷாகுல் குடையும் தெர்மாகோல் பெட்டியுமாக வந்து நின்றார்.

"பாய் அங்கிள், உங்க குடோன்ல சாதா ஃப்ரிட்ஜ் ஒண்ணு இருக்கும்ல? டீக்குப் பால் வைப்பீங்களே, அதுல வச்சா போதும். ஃப்ரீசர்ல மட்டும்..."

"டாக்டரம்மா!" ஷாகுல் ஒரு கையைத் தூக்கினார். "குளிரைப் பத்தி எனக்கே பாடமா? நீங்க நிம்மதியா வூட்டுக்குப் போங்க. கல்லு மாதிரி காப்பாத்திக் கொண்டாந்து தரேன்."

உள்ளே ஜுரத்தோடு ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. டாக்டர் சிரித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார். சொல்ல வந்தது பாதியிலேயே நின்றது.

குடோனுக்கு வந்த ஷாகுல் முதலில் அந்தப் பால் ஃப்ரிட்ஜைத்தான் திறந்தார், பொய் சொல்லக்கூடாது. உள்ளே இரண்டு பால் பாக்கெட், பாதி வெட்டிய எலுமிச்சம்பழம், காலையில் மிஞ்சிய சட்னி. அவருக்கு முகம் சுளித்தது. இவ்வளவு உசத்தியான மருந்து, அதுவும் தங்கச்சிக்குப் போடப்போகிற மருந்து, சட்னிக் கிண்ணத்துக்குப் பக்கத்திலா? கதவைச் சாத்தினார். ஜெனரேட்டரைப் போட்டார். இருப்பதிலேயே நல்ல ஃப்ரீசராகப் பார்த்து, மைனஸ் பதினெட்டு காட்டுகிறதா என்று உறுதி செய்துகொண்டு, மேல் வரிசை ஐஸ்கிரீம் பெட்டிகளை நகர்த்தி மருந்துக்கு ராஜ மரியாதையோடு இடம் போட்டுக் கொடுத்தார்.

சாப்பிட உட்கார்ந்தபோது பஷீரா, "டாக்டர் சொன்ன மாதிரிதானே வச்சீங்க?" என்று கேட்டார்.

"அதுக்கும் மேல" என்றார் ஷாகுல்.

காலையில் மழை விட்டிருந்தது. ஃப்ரீசரைத் திறந்தால் அட்டைப் பெட்டிமேல் வெண்பனி. உள்ளே சின்னச் சின்னக் குப்பிகள். பொடி இருந்த குப்பிகள் அப்படியே இருந்தன. கலக்குவதற்கான தண்ணி மருந்து இருந்தவை கல்லாக இறுகியிருந்தன. கல்லு மாதிரி காப்பாற்றுகிறேன் என்றாரே, செய்து காட்டிவிட்டார். ஐஸை எப்படி ஊசியில் ஏற்றுவார்கள் என்று மட்டும் ஒரு யோசனை வந்தது. மேஜைமேல் எடுத்து வைத்தார். ஒரு டீ குடிப்பதற்குள் எல்லாம் இளகித் தண்ணியாகிவிட்டது. துண்டால் ஈரத்தைத் துடைத்து, பெட்டியில் அடுக்கி, பஷீராவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். உருகினதை உறைய வைத்தால் மண் என்று ஊரெல்லாம் சண்டை போட்ட மனுஷருக்கு, உறைந்ததை உருக வைத்தால் என்ன ஆகும் என்ற எண்ணம் ஒரு நொடி வந்திருக்கக் கூடாதா? வரவில்லை. மனசெல்லாம் டாக்டரம்மா என்ன சொல்லிப் பாராட்டப் போகிறார் என்பதிலேயே இருந்தது.

கிளினிக்கில் கரண்ட் வந்திருந்தது. வெளி பெஞ்சில் கிளியம்மாளும் தயாளன் வாத்தியாரும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் இரண்டு தம்பதிகளையும் முதலில் உள்ளே கூப்பிட்டார். அரிகிருஷ்ணன் அன்றைக்கு ஏகப்பட்ட குஷியில் இருந்தார்.

"டாக்டர், நம்ம மச்சான் இல்லன்னா நேத்து மருந்து கோவிந்தா! மெட்ராஸ் முழுக்க தேடினாலும் இவன மாதிரி ஒரு ஆளு கிடைப்பானா? என் சம்சாரத்துக்கு அண்ணன்னா சும்மாவா?"

ஷாகுல் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். மூக்கின் நுனிவரை பெருமை.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே ஒவ்வொருவரிடமும் கேட்டார். இன்றைக்கு ஜுரம் உண்டா? எந்த ஊசிக்காவது முன்னால் மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு வந்ததா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? கை வலிக்கும், ஒன்றிரண்டு நாள் ஜுரமும் அசதியும் இருக்கலாம், பயப்பட வேண்டாம், போட்டபின் கொஞ்ச நேரம் இங்கேயே உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். பெட்டியைத் திறந்து ஒரு குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பாய் அங்கிள், பால் ஃப்ரிட்ஜ்லதானே வச்சீங்க? எங்கயும் உறையலையே? இது ஒரு தடவை உறைஞ்சுட்டா அப்புறம் வேலை செய்யாது. பாத்தா தெரியாது, தூக்கிப் போட வேண்டியதுதான்."

பாத்தா தெரியாது. ஷாகுலே ஆயிரம் கடை வாசலில் சொன்ன பேச்சு அது.

சொல்லிவிட அதுதான் நேரம். "ஐயோ டாக்டரம்மா, ஃப்ரீசர்ல வச்சுட்டேனே" என்றால் முடிந்தது. அரிகிருஷ்ணன் இன்னும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கங்கையம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். பஷீரா பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் பாய்க்கு ஐஸ் தெரியவில்லை என்று அத்தனை பேர் முகத்துக்கு முன்னால் சொல்வதற்கு அவருடைய நாக்கு எழவில்லை.

"பத்திரமா இருந்துச்சும்மா" என்றார்.

டாக்டர் நம்பினார். ஏன் நம்பமாட்டார்? குப்பிகளைக் கலந்தார். கட்டடச் சொந்தக்காரர் என்ற உரிமையில் அரிகிருஷ்ணன்தான் முதலில் உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "மெதுவா குத்துங்க டாக்டர், வாடகைய ஏத்திடுவேன்" என்று தமாஷ் பண்ணினார். ஷாகுலும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, ஊசி நண்பனின் தோளில் இறங்குவதைப் பார்த்தார். இப்போது சொல், இப்போதாவது சொல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஊசி வெளியே வந்துவிட்டது. டாக்டர் பஞ்சை வைத்து அழுத்தினார்.

அடுத்து கங்கையம்மாள். இடது பக்கம் விலா வலிக்கும் என்பதால் வலது கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஊசியைப் பார்க்கவில்லை, ஷாகுலைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணா, அன்னைக்கு என் அண்ணன் உடம்பக் காப்பாத்திக் குடுத்தீங்க. இன்னைக்கு எனக்கு மருந்தக் காப்பாத்திக் குடுத்திருக்கீங்க. இனிமே எனக்குப் பயமில்ல."

"வாணாம்!"

அறையே அதிர்ந்துபோனது. ஷாகுல் எழுந்து நின்றிருந்தார். "போடாதீங்க டாக்டரம்மா. ஃப்ரீசர்ல வச்சேன். கல்லாயிடுச்சு. நான்தான் காலையில இளக வச்சு எடுத்துகினு வந்தேன்."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் குரல் உயரவில்லை. "நான் கேட்டேனே அங்கிள்" என்றார். பிறகு, "தப்பு எனக்கும் இருக்கு. வாயால சொன்னது பத்தாது. குளிர் அளவு பாக்கற மீட்டரோட அனுப்பியிருக்கணும், வந்ததும் நானே பாத்திருக்கணும்" என்றார். அரிகிருஷ்ணன் பக்கம் திரும்பி, பெரிதாக ஆபத்து வராது, ஆனால் இந்த ஊசி கணக்கில் சேராது, மறுபடி எப்போது போடலாம் என்று மருந்துக் கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன், அதுவரை உடம்பில் எது மாறினாலும் உடனே போன் பண்ணுங்கள் என்றார்.

அரிகிருஷ்ணன் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி ஒன்றும் பேசாமல் இருந்தார். அந்த மனுஷர் பேசாமல் இருந்து ஷாகுல் பார்த்ததே இல்லை. ஒரு வசவு வைதிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

அதோடு விட்டதா? வெளியே வந்ததும் கிளியம்மாள், "இன்னா நைனா, எங்கள எப்ப கூப்புடுவாங்கோ?" என்று கேட்டார். ஷாகுல் வாயைத் திறப்பதற்குள் அரிகிருஷ்ணன் முந்திக்கொண்டார்.

"மருந்து கெட்டுப்போச்சு கிளியக்கா. நேத்து கரண்ட் போச்சுல்ல, அதுல. வேற மருந்து வரவழைக்கலாம், இப்ப வூட்டுக்குப் போங்க."

"அட பாவமே! நம்ம ஐஸ் பாய் மழையில நனைஞ்சுகினே எடுத்துகினு போனாரே! அவரு இன்னா பண்ணுவாரு, கரண்டு பண்ண பேஜாரு."

தயாளன் வாத்தியாரும், "உங்க நல்ல மனசுக்கு நன்றி பாய்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். ஷாகுல் குலுக்கவிட்டார். கரண்ட் இல்லை, நான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே காலையில் இரண்டாவது தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றார். வீடு போய்ச் சேரும்வரை ஸ்கூட்டர் பின்சீட்டில் பஷீரா பேசவே இல்லை. இறங்கும்போது மட்டும், "அரிகிருஷ்ணன் அண்ணனுக்குப் போடும்போது உங்க மூஞ்சியப் பாத்தேங்க. எனக்கு அப்பவே என்னவோ மாதிரி இருந்துச்சு" என்றார்.

அன்று சாயங்காலம் குடோன் கேட்டில் வழக்கம்போல இரண்டு நாற்காலி போட்டார். ஒன்றுதான் நிறைந்தது. மறுநாளும் அப்படியே. பிறகுதான் சேதி வந்தது, அரிகிருஷ்ணனுக்கு நல்ல ஜுரமாம், கை தூக்க முடியவில்லையாம். வேலைக்கு உதவாத ஊசி, வலியை மட்டும் குறை வைக்காமல் கொடுத்துவிட்டது. பஷீரா கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்து, "போயிட்டு வாங்க" என்றார். போகலாமா என்று அவர் கேட்கவில்லை, பஷீராவும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

கங்கையம்மாள் கதவைத் திறந்தார். "வாங்கண்ணா" என்று எப்போதும்போலத்தான் கூப்பிட்டார். அந்த அண்ணா என்ற சொல்லைக் காதில் வாங்கியபோது ஷாகுலுக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது.

அரிகிருஷ்ணன் போர்வைக்குள் கிடந்தார். ஷாகுல் தூக்கை வைத்துவிட்டுக் கட்டில் ஓரமாக நின்றார். உட்காரத் தைரியம் வரவில்லை. புது மருந்துக்குச் சொல்லிவிட்டதாகவும் எல்லாருடைய செலவும் தன் பொறுப்பு என்றும் ஏதோ சொல்லிக்கொண்டே போனார்.

"அத்த விடுடா" என்றார் அரிகிருஷ்ணன். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவ உக்காந்தப்ப சொல்லத் தெரிஞ்சுதே. நான் உக்காந்தப்ப ஏன்டா சொல்லல?"

கேட்டேவிட்டார். இந்தக் கேள்வி வரும் என்று ஷாகுலுக்குத் தெரியும். குடோனில் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தபோதெல்லாம் இதற்குத்தான் பதில் தேடினார். உறைந்தால் கெட்டுவிடும் என்று அப்போது சரியாகப் புரியவில்லை என்று சொல்லலாம். பதற்றத்தில் நாக்கு வரவில்லை என்று சொல்லலாம். எத்தனையோ சமாளிப்பு தயாராக இருந்தது. போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த மனுஷரைப் பார்த்தபின் ஒன்றும் மிஞ்சவில்லை.

"நீ என்னப் பெருமையா பேசிகினு இருந்தே மச்சான்" என்றார். "என்ன மாதிரி ஆளு இல்லன்னு சொல்லிகினு இருந்தே. அந்தப் பேச்சு கெட்டுப்போயிடுமேன்னு இருந்துச்சு. உனக்கு ஒண்ணும் ஆவாது, அப்பறமா சொல்லிக்கலாம்னு நெனச்சுட்டேன். வெக்கம்டா. வேற ஒண்ணும் இல்ல. என் வெக்கத்துக்கு உன் கையக் குடுத்துட்டேன்."

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. இத்தனை வயசில், தங்கச்சி வீட்டில், கையில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். அரிகிருஷ்ணன் அவரை அழவேண்டாம் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "கஞ்சிய ஊத்து, ஆறிடப் போவுது" என்றார். ஷாகுல் ஊற்றினார்.

ஜுரம் விட்டதும் அரிகிருஷ்ணன் குடோனுக்கு வரத் தொடங்கினார். டீ குடித்தார்கள், பேசினார்கள். ஆனால் நம்ம மச்சான் இல்லன்னா என்று ஆரம்பிக்கிற பேச்சு மட்டும் திரும்ப வரவில்லை. ஷாகுல் அதற்காகக் காத்திருந்தார் என்பதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. காத்திருந்தார்.

டாக்டர் விசாரித்துச் சொன்ன இடைவெளி முடிந்தபின் புது மருந்து வந்தது. இந்தத் தடவை நேரே கிளினிக் ஃப்ரிட்ஜுக்கு. ஃப்ரிட்ஜ் கதவில் குளிர் அளவு காட்டும் சின்ன மீட்டர் ஒன்று தொங்கியது, இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் காட்டினால் சரி. கரண்ட் போனாலும் தாங்குவதற்குத் தனி இன்வெர்ட்டர். பழையபடி எல்லாரும் கூடினார்கள். இடம் பத்தாமல் டாக்டர் கதவைத் திறந்தே வைத்திருந்தார். பெஞ்சில் இருந்த கிளியம்மாள் உள்ளே எட்டிப் பார்த்து, "இந்த வாட்டியாச்சும் கரண்டு சதி பண்ணாம இருந்துச்சே. அன்னிக்கு நம்ம பாய் பட்ட பாடு இன்னா, மழை இன்னா..." என்று ஆரம்பித்தார்.

அரிகிருஷ்ணன் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஊசியோடு பக்கத்தில் வந்ததும், கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல் கையைக் காட்டிவிட்டு ஷாகுலைப் பார்த்தார்.

"மச்சான், போட்டுக்கலாமா?"

குரலில் கேலி இல்லை. கோபமும் இல்லை. கேட்டுவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே கிளியம்மாள் பாயின் புகழை இன்னும் பாடிக்கொண்டிருந்தார்.

ஷாகுல் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் போய் நின்றார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மீட்டரைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, பெஞ்சில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

"கிளியக்கா, வாத்தியாரே, கேட்டுக்குங்க. அன்னைக்கு மருந்தக் கெடுத்தது கரண்ட் இல்ல, நான்தான். டாக்டரம்மா சொன்னதக் காதுல போட்டுக்காம ஃப்ரீசர்ல வச்சு உறைய வச்சேன். அவங்க கேட்டப்ப பொய்யும் சொன்னேன். அந்த ஊசிய இவன் போட்டுக்கும்போது பாத்துகினு நின்னேன்."

கிளியம்மாள்தான், "ஐயே! ஐஸ் பாய்க்கே ஐஸு தெரியலியா?" என்று வாயில் கைவைத்தார். தயாளன் வாத்தியார் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். நாளைக்குள் கேம்ப் ரோடு முழுக்க இந்தக் கதை போய்விடும். கடைக்காரர்கள் அத்தனை பேரும், அவரிடம் மானம் போன ஒவ்வொருவரும், வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஷாகுலின் காதுமடலெல்லாம் பற்றி எரிந்தது.

அரிகிருஷ்ணன் சிரிக்கவில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலடா" என்றார்.

"நாலு டிகிரி காட்டுது" என்றார் ஷாகுல். "போட்டுக்கோ மச்சான்."

அரிகிருஷ்ணன் கையை நீட்டினார்.